நாள் முழுக்க யாரும் பேசாத ஆபீஸ்: காதில் ரீங்காரம், நெஞ்சில் படபடப்பு

கேள்வி: எனக்கு 31 வயது. காலடிப்பேட்டையில் இருக்கிறோம். ஒன்பது வருடம் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தபால் வழியில் பி.காம். முடித்து, ஏழு மாதத்துக்கு முன் மண்ணடியில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். ஏசி ரூம், உட்கார்ந்த வேலை, சம்பளமும் கூட. மொத்தம் ஆறு பேர். யாரும் பேசுவதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரே வாட்ஸ்அப்பில்தான் கேட்பார். சண்டை எதுவும் கிடையாது, அங்கே அப்படித்தான். காலையில் பெருக்க வரும் அக்கா மட்டும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார். மூன்று மாதமாகக் காதில் 'ங்ங்' என்று ஒரு சத்தம். ஆபீசில் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கம்முகிறது. வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, பையன் ஏதாவது கேட்டாலே எரிச்சல் வருகிறது. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அம்மாவிடம் சொன்னால், "நிழல்ல உக்காந்து வேலை பாக்கறதுக்கு வலிக்குதா" என்கிறார். இது காதில் கோளாறா, மனதில் கோளாறா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வலிக்கிறது, அது உண்மையான வலி. ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் வராது என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. துணிக்கடையில் நீங்கள் ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்ததைப் பார்த்தவர் உங்கள் அம்மா, அதனால் அப்படிச் சொல்கிறார். அவர்மேல் கோபப்படாதீர்கள், ஆனால் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து பல வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். நீங்கள் எழுதியது போன்ற தொந்தரவோடு வருகிறவர்களில் கன்டெய்னர் யார்டில் ராத்திரி காவல் இருப்பவர்கள் உண்டு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உண்டு. முட்டிவலி, தலைவலி, கேஸ் என்று ஆரம்பிப்பார்கள், பத்து நிமிடம் கழித்துத்தான் "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று வரும். அந்த 'ஒரு மாதிரி' என்ன என்று முன்பெல்லாம் நான் நின்று கேட்டதில்லை, விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது தப்பு. இப்போது கேட்கிறேன்.

சரி, காதிலிருந்து தொடங்குகிறேன், நீங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான் என்று தோன்றுகிறது. சத்தமே இல்லாத இடத்தில் உட்கார வைத்தால் நல்ல காது உள்ளவருக்கும் ஏதோ ஒன்று கேட்கும். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறைக்குள் சில நிமிடம் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விசில் மாதிரி, வண்டு மாதிரி, இரைச்சல் மாதிரி ஏதோ கேட்டதாகச் சொன்னார்கள். வெளியே சத்தம் குறைந்தால், கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மூளை தன் வால்யூமைத் தானே ஏற்றிக்கொள்கிறது, அப்போது நரம்புக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. எம்.சி. ரோட்டில் கடை வாசல் ஸ்பீக்கருக்கும் "வாங்கக்கா வாங்க" கூச்சலுக்கும் நடுவே இருந்தவரை உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்னொன்றும் இருக்கலாம். அத்தனை வருடம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதில் உள்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். அவை ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது. இதை ஊகத்தில் விடக்கூடாது, ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை செய்துவிடுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம், காது மூக்கு தொண்டை பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டால் பார்ப்பார்கள். காதில் குறும்பி அடைத்திருந்தாலும் இந்தச் சத்தம் வரும், அதை எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பட்ஸ், ஹேர்பின், சாவி எதையும் காதுக்குள் விடாதீர்கள், குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு காதில் மட்டும் சத்தம், நாடித் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்பது, கூடவே தலைசுற்றல், இப்படி ஏதாவது இருந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும், அதற்கு மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

ஆபீஸ் அமைதியை விரட்ட இயர்போன் மாட்டுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், போகும்போது மெட்ரோவில் ஒரு மணி, ஆபீசில் ஐந்து மணி, படுக்கையில் ஒரு மணி என்று. சத்தத்தின் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் அளவு சொல்லியிருக்கிறது, சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்த நேரம் மளமளவென்று குறையும். அதற்குப் பதில் சின்னதாக ஒரு மேஜை ஃபேன் போதும். ராத்திரியும் ஃபேன் ஓடட்டும், சுத்த நிசப்தத்தில் படுத்துக்கொண்டு காதையே கவனித்துக்கொண்டிருந்தால் அந்த 'ங்ங்' வளர்ந்துகொண்டேதான் போகும்.

குரல் கம்முவது பெரிய விஷயம் இல்லை. எட்டு மணி நேரம் பேசாமல், ஏசியின் காய்ந்த காற்றில், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருந்தால் முதல் பத்து வார்த்தை அப்படித்தான் வரும். பேசப் பேச சரியாகும். மூன்று வாரத்துக்கு மேல் காலை மாலை எந்நேரமும் கம்மலாகவே இருந்தால் காட்டுங்கள்.

படபடப்புக்கு மட்டும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., பி12, சர்க்கரை, அதோடு பிரஷரும் ஒரு ஈ.சி.ஜி.யும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், சோர்வு வரும், எரிச்சல் வரும். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், தூக்கம் கெடும். இதையெல்லாம் பார்க்காமல் "எல்லாம் மனசுதான்மா" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள், நானே சொன்னாலும்.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்தால்? வரலாம். அப்போதும் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம் கிடையாது. நீங்கள் கேட்ட அடுத்த கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது பெருக்க வரும் அக்காவைப் பற்றிய வரி. ஏழு மாதத்தில் அந்த ஆபீசுக்குள் உங்களை ஒரு ஆளாகப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான் போலிருக்கிறது. கடையில் இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனை பேர் உங்களிடம் பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேரம் பேசியவர், சில்லறை இல்லை என்று சண்டை போட்டவர், கைக்குழந்தையைக் கவுண்டர் மேல் உட்கார வைத்தவர், சைஸ் மாற்ற வந்தவர், கூட வேலை செய்த பெண்களின் கிண்டல், தீபாவளி நேரத்துப் பைத்தியக்காரக் கூட்டம். அப்போது அலுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அத்தனையும் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது, வேளாவேளைக்குச் சோறு போகிற மாதிரி. அது ஒரே நாளில் நின்றுவிட்டது.

சோறு என்று சும்மா சொல்லவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, பசி, தாகம் மாதிரியே தனிமை உணர்வும் உடம்பு அடிக்கும் ஒரு மணி என்றார். சாப்பிடு என்று பசி சொல்கிறது, ஆட்களோடு சேர் என்று இது சொல்கிறது. சிக்கல் என்னவென்றால் பசித்தவன் சோற்றைப் பார்த்தால் ஓடுவான், தனிமையில் காய்ந்தவரோ ஆட்களைப் பார்த்தால் பின்வாங்குவார். துணைக்கு யாரும் இல்லை என்று உணர்கிற மூளை காவல் நாய் மாதிரி எந்நேரமும் விழித்திருக்கிறது. சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுகிறது, தூக்கத்தில் அடிக்கடி எழுகிறது, மற்றவர் சாதாரணமாகச் சொன்னதையும் குத்தலாக எடுத்துக்கொள்கிறது. போன் மணிக்கு நெஞ்சு அடிப்பதும், 2 மணிக்கு விழிப்பதும், பையன் கூப்பிட்டால் எரிச்சல் வருவதும் தனித்தனி மூன்று நோய் என்று நான் நினைக்கவில்லை, ஒரே கயிற்றின் மூன்று முடிச்சு. நாளெல்லாம் பேசாமல் இருந்தவர் வீட்டுக்கு வந்ததும் ஆசையாகப் பேசுவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்ப்பார்கள். பல பேருக்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படியே படித்துக் காட்டுங்கள், பாவம், தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இது உங்கள் ஒருவர் பாடு மட்டும் இல்லை. 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்கிறது, இதய நோய், பக்கவாதம், சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் அது வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும் சொல்கிறது. உடனே பயந்துவிடாதீர்கள், அது வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வருவது. உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. வீட்டில் ஆள் இருக்கிறார்கள், காய்வது பகல் மட்டும்தான்.

பகலில் காய்ந்ததைப் பகலில்தான் நனைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் கல்யாணத்தில் நூறு பேரோடு பேசிவிட்டால் ஆறு நாளுக்குத் தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள், ஒரு வேளை பிரியாணி வாரம் முழுக்கப் பசியாற்றாது. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும்.

அந்த ஆபீஸ் ஆட்கள் கெட்டவர்கள் என்று நீங்களும் சொல்லவில்லை. எண்களோடு வேலை செய்கிறவர்களுக்கு அமைதி வேண்டும், அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டால், ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது பதிலை எழுந்து போய் வாயால் சொல்லுங்கள். "சார், அந்த இன்வாய்ஸ் அனுப்பிட்டேன்", அவ்வளவுதான். முதல் வாரம் அவர் திகைப்பார். மதியம் உங்கள் சீட்டிலேயே டப்பாவைத் திறக்காமல், சாப்பிட இடம் ஒன்று இருந்தால் அங்கே போங்கள், ஒரு துண்டு வறுவலை நீட்டினால் பேசாத மனிதர் நம் ஊரில் குறைவு. பேங்க், கூரியர் வேலை இருந்தால் "நான் போயிட்டு வரேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணடித் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் எத்தனை குரல்! அப்புறம் அந்த அக்கா. பத்து நிமிடம் முன்னதாகப் போனால் அவரோடு ஒரு டீ குடிக்கலாம். அவர் கேட்கும் முன் நீங்கள் கேளுங்கள், அவருக்கும் அந்தக் கட்டடத்தில் வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னால் கூச்சமாக இருக்கும் என்பீர்கள். சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் இதைச் சோதித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. தெரியாதவரோடு பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பேசிப் பார்த்தவர்கள் சும்மா இருந்தவர்களைவிட நன்றாக இருந்தது என்றார்கள். திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில் முட்டி இடித்துக்கொண்டு போன காலத்தில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, வசதிதான், நானும் போகிறேன், ஆனால் பெட்டி முழுக்க எல்லோரும் குனிந்தே இருக்கிறார்கள். தினமும் அதே நேரத்தில் ஏறும் ஒரு முகத்தைப் பார்த்துச் சிரித்தால் போதும், அதுவும் கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்ததும் இருபது நிமிடம் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பிறகு பையனிடம் நீங்களாகப் போய் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கோ, இல்லை சும்மா தெருமுனை வரைக்கோ அம்மாவோடு நடங்கள், நடந்தால் தூக்கமும் வரும். மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

இரண்டு வாரமாக, அநேகமாகத் தினமும், மனம் கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், மேலே சொன்னதோடு நிற்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லியிலேயே அந்தப் பிரிவு உண்டு, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே போனால் பைத்தியம் என்று பட்டம் கட்டுவார்கள் என்ற பயத்தை விடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. செத்துவிடலாம் போல ஒரு நினைப்பு ஒரு நொடி வந்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கூப்பிட வேண்டும்.

வேலையை இப்போது விடாதீர்கள். தூக்கம் கெட்டிருக்கும்போது எடுக்கும் முடிவு சரியாக வராது, அதுவும் ஒன்பது வருடம் நின்றுகொண்டே படித்து வாங்கிய வேலை. சோதனைகளை முடித்து, இரண்டு மாதம் இப்படி இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது நெஞ்சு அடைத்தால், ஆட்கள் வந்துபோகிற இடமாக வேறு கணக்கு வேலை தேடுங்கள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பெரிய கடை எங்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். சத்தத்துக்கு நடுவே வேலை செய்யப் பிடிப்பது ஒரு குறை இல்லை, சிலருக்கு அமைதி, சிலருக்குக் கூட்டம்.

ஆடியோகிராமும் ரத்த ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த அக்காவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.