மூக்கடைப்பும் யிங்சியாங் புள்ளியும்

கேள்வி: தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். தை, மாசிப் பனியில் விடிந்தாலே மூக்கடைப்புதான். மூக்கோரம் ஒரு சீனப் புள்ளியை அழுத்தினால் திறக்கும் என்றார்கள். அழுத்தியும் பலனில்லை. எங்கே பிழை?
– வாசகி, ஹட்டன்

பதில்: பெரும்பாலும் இடம் பிழைத்திருக்கும். அந்தப் புள்ளியின் பெயர் யிங்சியாங். ‘நறுமணத்தை வரவேற்பது’ என்று பொருள். சீன வைத்தியத்தில் உடலில் சக்தி ஓடுவதாகச் சொல்லும் பாதைகளை நாடி என்கிறோம். சுட்டுவிரல் நகத்தோரம் தொடங்கும் பெருங்குடல் நாடியின் 20ஆவது புள்ளி இது. நாடி இதோடு முடிகிறது.

கண்ணாடி பார்த்து லேசாகச் சிரியுங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு ஒரு மடிப்பு விழும். மூக்கு மடலின் வெளி விளிம்புக்கு நடு மட்டத்தில், அந்த மடிப்பின் மேலேயே புள்ளி இருக்கிறது. மூக்குத்தியை அடையாளமாக வைக்காதீர்கள். அது மடலில் இருக்கிறது, புள்ளி மடலுக்கு வெளியே. மடலையே அழுத்தினால் துவாரம் இன்னும் ஒடுங்கும். பலர் செய்யும் பிழை இதுதான். விரல் கீழே இறங்கி உதட்டுக்கு மேல் போனாலும் அது வேறு புள்ளி.

விறைத்த விரலோடு தொடங்க வேண்டாம்; தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துச் சூடேற்றுங்கள். நகம் படாமல், சுட்டுவிரல் நுனிச் சதையால் இரு பக்கமும் ஒன்றாக, எலும்பை நோக்கிச் சற்று உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். 5 விநாடி அழுத்தி விடுங்கள். இப்படி 1 முதல் 2 நிமிடம், நாளுக்கு 2, 3 தடவை. மந்தமான கனம் தெரிந்தால் சரி. சுரீரென்று குத்தினால் நகம் பட்டிருக்கும், அல்லது வேகம் கூடிவிட்டது.

இதில் கிடைப்பது சற்று நேர ஆறுதல்தான். தேயிலைத் தூசு மூக்கினுள் போய்க்கொண்டேயிருந்தால் அடைப்பும் திரும்பத் திரும்ப வரும். வேலையில் முகக்கவசம் கட்டாயம் போடுங்கள். ஒரே பக்கம் மட்டும் நாட்கணக்கில் அடைத்தாலோ, இரத்தமோ துர்நாற்றமோ வந்தாலோ, காய்ச்சலுடன் முகம் வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கோரம் பருவோ கொப்புளமோ இருந்தால் அங்கே கை வைக்கவே கூடாது. அப்பகுதி இரத்தநாளங்கள் மூளைப் பக்கத்தோடு தொடர்புள்ளவை. சீழ் பரவினால் ஆபத்து.

கேள்வி: வீட்டில் இந்தப் புள்ளியில் அக்குபங்சர் ஊசி குத்தலாமா? கைப் புள்ளியையும் சேர்க்கலாமா?
– வாசகர், பதுளை

பதில்: ஊசி வேண்டாம். பயின்றவர்கள்கூட இங்கே தோலோடு சாய்த்து ஆழமில்லாமல்தான் ஏற்றுவார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள ஹெகு புள்ளியை விரலால் அழுத்தலாம். இதுவும் அதே பெருங்குடல் நாடியில்தான் இருக்கிறது. அந்த நாடி மூக்கின் கீழே பக்கம் மாறுவதால், வலது மூக்குக்கு இடக்கையை எடுப்பது வழக்கம். கர்ப்பிணிகள் ஹெகுவைத் தொடக் கூடாது.