வர்க்கலை கடற்குன்றைச் சென்னையிலிருந்து போய்ப் பார்ப்பது பயனுள்ளதா? குடும்பத்தோடு போனால் எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?

பயனுள்ளதுதான், கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் குன்றின் மேல் நின்று கடலைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். வயதான பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும் உடன் வருவதாகவும், இரண்டு நாள்தான் கையில் இருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன். வர்க்கலைக்குப் பலமுறை போய்வந்திருக்கிறேன். கடல் கரையைத் தின்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரருக்கு அந்த இடம் மற்றவர்களுக்குச் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வர்க்கலை. கேரளக் கடற்கரையின் பெரும்பகுதி நம் கரையைப் போலவே தாழ்ந்த மணற்பாங்கானது. இங்கேயோ செந்நிறக் குன்று நேராகக் கடலோரத்தில் வந்து செங்குத்தாக முடிகிறது. உள்ளூரார் இதைப் பாபநாசம் குன்று என்பார்கள். (நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இந்தப் பாறை அடுக்குகளுக்கு நிலவியலாளர்கள் இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

மேலே நீளும் நடைபாதையில் ஒரு பக்கம் உணவகங்களும் துணிக்கடைகளும், மறு பக்கம் பள்ளமும் கடலுமாக இருக்கும். பெரும்பாலோர் அங்கேயே மாலையைக் கழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேற்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம். கடலிலிருந்து சூரியன் எழுவதையே பார்த்துப் பழகிய நமக்கு அது புதிய காட்சிதான். ஆனால் குன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். காலை வேளையில், நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, பாபநாசம் கடற்கரையிலிருந்து வடக்கு நோக்கிக் குன்றின் அடிவாரத்தை ஒட்டி நடந்து பாருங்கள்.

உச்சியில் இருப்பது லேட்டரைட் எனப்படும் செம்புரைக்கல். கேரளத்தில் வெட்டுக்கல் என்று சொல்லி வீட்டுச் சுவர் கட்டுகிறார்களே, அதே கல். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்பாறை. அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண் அடுக்கு. அந்தக் களிமண்ணில் விரலை வைத்து அழுத்தினால் ஈரப் பிசுபிசுப்போடு பதியும். அதில் ஆங்காங்கே கரித்துண்டுகளைப் போலக் கறுத்த மரத்துணுக்குகள் செருகிக்கொண்டிருக்கும். நெய்வேலியில் வெட்டியெடுக்கிறார்களே, அந்தப் பழுப்பு நிலக்கரியின் இனம்தான் அது. எப்போதோ இங்கே நின்ற காட்டின் மிச்சத்தை விரலால் தொடுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டுங்கள்.

களிமண்ணுக்குச் சற்று மேலே பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து, சில இடங்களில் ஊற்றாகவே வழிவதைக் காண்பீர்கள். கடலிலிருந்து சில அடி தூரத்தில் நன்னீர்! மேலே பெய்யும் மழை செம்புரைக்கல்லின் துளைகள் வழியாகவும் மணற்பாறை வழியாகவும் இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் வெளியேறுகிறது. இந்த ஊற்று நீருக்கு மருத்துவக் குணம் உண்டென்று நம்பிக் குளிப்பவர்கள் பலர். குன்று சரிவதற்கும் அந்த நீரே ஒரு காரணம். ஊறிய களிமண் இளகுகிறது, அதன் மேலுள்ள மணற்பாறை பிடிமானம் இழக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலை வந்து அடிவாரத்தை அரித்ததும் மேலே உள்ள செம்புரைக்கல் பாளம் பாளமாகப் பிளந்து விழுகிறது. அடிவாரத்தில் கிடக்கும் பெரிய சிவப்புக் கற்கள் எல்லாம் அப்படி விழுந்தவைதாம். ஆகவே கீழே நடக்கும்போது சுவரை ஒட்டி உட்காரவோ நிழலுக்கு ஒதுங்கவோ வேண்டாம். மேலே நடக்கும்போது படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போக வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிவார நடையை அடியோடு தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் பல இடங்களில் நடக்க மணலே இருக்காது, அலை நேராகக் குன்றில் மோதும்.

காசிமேட்டில் பைபர் படகு வைத்திருந்த என் பெரியப்பாவை ஒருமுறை அழைத்துப் போயிருந்தேன். மழைக்காலத்தில் கடல் எடுத்துக்கொண்ட மணல், மழை ஓய்ந்த பிறகு மெல்லத் திரும்பிவந்து கரை மறுபடி அகலமாகிவிடும் என்று அவ்வூர் மீனவர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பெரியப்பா, "திரும்பி வருதா? நம்ம ஊர்ல போனது போனதுதானேப்பா" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்விக்குள் வடசென்னையின் வரலாறே இருக்கிறது. நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்சம் தெற்கே போகும். 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. வீடுகளும் தெருக்களும் போன பிறகுதான் கருங்கற்களைக் கொட்டினார்கள். கடல் கரையை அரிப்பது இயற்கை. அரித்த இடத்துக்கு மீண்டும் மணல் வந்து சேரும் வழியை அடைத்ததுதான் நமக்கு நேர்ந்த கேடு. வர்க்கலையில் அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. அங்கே நின்று பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வரும்.

நம் ஊரோடு இணைத்துப் பார்க்க இன்னொன்றும் உண்டு. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806இல் வெட்டிய கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது; தட்டையான நிலம், அதனால் வெட்டுவது எளிது. திருவனந்தபுரத்திலிருந்து ஷொர்ணூர் வரை காயல்களை (கடலோர உப்பங்கழிகளை) இணைத்துக் கால்வாய் அமைத்தவர்களுக்கு வர்க்கலைக் குன்று குறுக்கே நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் குன்றையே குடைந்து, படகு போகச் சுரங்க வழிகள் அமைத்தார்கள். நேரம் இருந்தால் அதன் வாயிலையாவது பார்த்துவிடுங்கள்.

வடக்கே ஓடயம், இடவா என்று போகப் போகக் குன்று தணிந்துகொண்டே வரும்; கூட்டமும் குறையும். காப்பில் என்ற இடத்தில் ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல், நடுவே சாலை. ஆட்டோ பிடித்து மாலையில் போய்வரலாம்.

பெற்றோருக்கு ஜனார்த்தன சுவாமி கோயில் நிறைவளிக்கும். அக்கோயிலுக்கு மேற்கே உள்ள பாபநாசம் கரையில் முன்னோருக்குப் பலி எனப்படும் பிண்டச் சடங்கு செய்ய ஆண்டு முழுதும் மக்கள் வருகிறார்கள். நம் ஆடி அமாவாசையன்று, அங்கே கர்க்கடக வாவு, கரையில் கால் வைக்க இடமிருக்காது. சடங்கு நடக்கும் பகுதியில் குளியல் உடையோடு திரிவதும் படம் எடுப்பதும் எனக்கு உவப்பானவை அல்ல. அங்கே துக்கத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் சிவகிரியில் 1928இல் மறைந்த துறவியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ஸ்ரீ நாராயண குருவின் சமாதி இருக்கிறது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரித் தீர்த்தாடனம் என்னும் புனித யாத்திரை நடக்கும். அரையாண்டு விடுமுறையில் போவதானால் அந்த மூன்று நாள்களைத் தவிர்த்தால் அறை கிடைப்பது எளிது.

இரண்டாம் நாள் காலையைத் தெற்கே உள்ள அஞ்சுதெங்குக்கு ஒதுக்குங்கள். ஆற்றிங்கல் அரசியிடம் இடம் பெற்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690களில் கட்டிய கோட்டை அது. 1721இல் ஆற்றிங்கலுக்குப் பரிசுப் பொருள்களோடு போன கம்பெனியாரை மக்கள் திரண்டு கொன்றார்கள்; பிறகு இந்தக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். சிறிய கோட்டைதான், அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். அதையொட்டி நெருக்கமான மீனவர் குடியிருப்பு, தேவாலயம், வரிசையாக நிறுத்திய படகுகள். அங்கிருந்து இன்னும் தெற்கே, முதலப்பொழி மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு வடக்குப் பக்கம், கடலரிப்புக் கடுமையாக இருக்கிறது. கருங்கல் கொட்டிய அந்தக் கரையைக் கண்டதும் உங்களுக்கு எண்ணூர் நெடுஞ்சாலை நினைவுக்கு வரும்.

சென்ட்ரலிலிருந்து மாலையில் புறப்படும் திருவனந்தபுரம் மெயில் மறுநாள் காலை வர்க்கலை சிவகிரி நிலையத்தில் நிற்கிறது. குன்றின் மேல்பகுதியிலிருந்து கரைக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அவை ஆகாது. பாபநாசம் கரைவரை சாலையே போகிறது என்பதால், பெற்றோரை உத்தேசித்துக் கோயில் பக்கமாக அறை எடுங்கள். அவர்கள் மணலில் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு அடிவாரத்தில் நடந்துவிட்டு வாருங்கள்.