கடுகும் பூசணிக்காயும்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு மாதமாக மின்கட்டணம் எகிறுகிறது. புதிதாக எந்தச் சாமானும் வாங்கவில்லை. போன் சார்ஜரைக்கூடத் தவறாமல் பிடுங்கி வைக்கிறோம். மின்சாரம் எங்கேதான் போகிறது?

பூசணிக்காய் போன இடம் தெரியாமல் கடுகு போன இடத்தை ஆராய்வது என்பார்களே, சார்ஜர் அந்தக் கடுகுதான். போன் மாட்டாத இன்றைய சார்ஜர் இழுப்பது சுமார் 0.1 வாட். வருடம் முழுக்கச் செருகியே கிடந்தாலும் ஒரு யூனிட் வராது. பக்கத்திலேயே இருக்கும் செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் பல பெட்டிகள் சூடாகவே இருக்கும்; உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 87 யூனிட்டைத் தாண்டும். அதைச் சுவர் ஸ்விட்சில் அணைக்க வேண்டும்.

இருந்தாலும் ஊகம் எதற்கு? மீட்டரையே கேட்டுவிடலாம். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அருகில் 3200 அல்லது 1600 என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடுவதற்குள் விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதே அந்த எண். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, ஒரு சிமிட்டலில் தொடங்குங்கள். அதைப் பூஜ்யம் என்று எண்ணி, பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250ஐ அந்த நொடிகளால் வகுக்க வேண்டும். 1600 என்றால் 22,500ஐ. வருகிற விடைதான் அந்த நிமிடத்தில் வீடு இழுக்கும் வாட். 3200 மீட்டரில் பத்துச் சிமிட்டலுக்கு 45 நொடி ஆனால், 250 வாட். முதல் சிமிட்டலையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. விடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு இதைச் செய்யுங்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் அணைத்து, ஃப்ரிட்ஜையும் சில நிமிடங்கள் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். இன்னும் சிமிட்டுகிறது என்றால் ஏதோ ஒன்று இழுக்கிறது. எம்சிபிகளை (ஸ்விட்ச் பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் சிமிட்டல் நிற்கிறதோ அந்த லைனில்தான் ஆள் ஒளிந்திருக்கிறார். மொட்டை மாடியில் மறந்துபோன விளக்காக இருக்கலாம், தானே ஓடும் மோட்டாராக இருக்கலாம். மெயினையே அணைத்த பிறகும் சிமிட்டினால் நீங்கள் எதையும் தொட வேண்டாம். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் அனுபவத்தில் முதல் சந்தேகம் ஃப்ரிட்ஜ் மேல்தான். நல்ல ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் உறுமும், கொஞ்ச நேரம் ஓயும். ஓயாமல் உறுமினால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. கதவின் நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கமும் கீல் பக்கமும்தான் முதலில் கெடும். உடனே புது ரப்பர் வாங்க ஓட வேண்டாம். பாதி நேரம் மடிப்பில் சேர்ந்த பிசுக்குதான் காரணம். வெந்நீரும் சோப்பும் போதும். வளைந்துபோயிருந்தால் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி நீவிவிட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டர் தடித்துவிட்டால் அணைத்துவிட்டு உருக விடுங்கள். ஐஸ் குளிரைக் கூட்டாது, போர்வைபோல மறைக்கும். கத்தியால் குத்திப் பெயர்த்தால் குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும். அப்புறம் மிச்சம் பிடித்ததெல்லாம் மெக்கானிக்குக்கே.

ஏசியில் வடியும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதே, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

கூடாது. காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு மிகக் குறைவு, உண்மை. ஆனால் காயிலின் செம்பு, அலுமினியத் துகள், தூசி, பாசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. செம்பு, இரும்பு போன்றவை துளி கலந்தாலும் லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜை இழக்கும். டிஸ்டில்டு வாட்டரே ஊற்றுங்கள். ஏசித் தண்ணீரை வீடு துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம். குடிக்க ஆகாது.

ஃப்ளஷ் டேங்க், யாரும் தொடாமலே இரவில் திடீரென நிரம்பும் சத்தம் கேட்கிறது. பிளம்பர் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். வேண்டுமா?

முழு செட்டை மாற்றுமுன் ஒரு பென்சில் போதும். டேங்குக்கு வரும் வால்வை மூடுங்கள். உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடி வாயை மூடும் ரப்பர் கசிகிறது. மட்டம் அப்படியே இருந்தால் அடி ரப்பர் நன்றாக இருக்கிறது. தண்ணீர் உள்ளே விடும் மிதவை வால்வு சரியாக மூடாமல், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழிந்துகொண்டிருக்கிறது. உங்கள் டேங்க் நின்று நின்று நிரம்புவதைப் பார்த்தால் கோளாறு முதல் வகைதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மட்டம் இறங்கியதும் மிதவை கீழே வந்து மறுபடி நிரப்புகிறது.

பொத்தான் இரண்டு உள்ள டேங்க் என்றால் நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலானவை மேலே கையோடு வந்துவிடும். அதன் அடியில் வட்டமாக ஒரு சிலிகான் வாஷர். விரலால் தடவிப் பாருங்கள்: உப்பு படிந்து சொரசொரவென்று இருக்கும், அல்லது ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கும். கழுவி, வாஷர் உட்காரும் விளிம்பையும் துடைத்து மாட்டினால் பல டேங்குகள் அத்தோடு சரியாகிவிடும். பள்ளம் விழுந்திருந்தால் வாஷரை மட்டும் மாற்றுங்கள். பழையதைக் கடைக்கு எடுத்துப்போங்கள். அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கசியும். டேங்குக்குள் போடும் குளோரின் வில்லைகளை நிறுத்துங்கள், ரப்பரை அரிப்பதே அவைதான். மிதவை வால்வில் கோளாறு என்றால், தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு 2 – 3 செ.மீ. கீழே நிற்குமாறு ஸ்க்ரூவைத் திருப்பி வையுங்கள். அப்படியும் நிற்காமல் ஏறினால் அந்த வால்வை மட்டும் மாற்றினால் போதும்.

சொட்டும் குழாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சுமார் 4,000 சொட்டு ஒரு லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 21 லிட்டர் சொச்சம். டேங்க் அரை மணிக்கு ஒருமுறை 2 லிட்டர் நிரம்பினால் நாளுக்கு 96 லிட்டர். சொட்டும் குழாயின் சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதால் உடனே சரிசெய்கிறோம். டேங்க் வழியும்போது கோப்பையில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரியாது. மோட்டார் வைத்து ஏற்றும் வீடென்றால் முதல் கேள்வியின் பதிலில் கொஞ்சம் இங்கேயும் இருக்கலாம்.

டேங்குக்குள் செங்கல் வைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள். செங்கல் கரைந்து மணலாகி வாஷரில்தான் உட்காரும். தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை, மிதவையில் இடிக்காத மூலையில் வைக்கலாம். அதனால் இரண்டு தரம் ஃப்ளஷ் செய்ய நேர்ந்தால் எடுத்துவிடுங்கள், லாபம் இல்லை.

சீலிங் ஃபேனை பிஎல்டிசிக்கு (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் ஃபேன்) மாற்றினால் நிஜமாகவே மிச்சமா?

மிச்சம்தான், எந்த ஃபேன் என்பதைப் பொறுத்து. பழையது சுமார் 75 வாட், புதியது 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் படுக்கையறை ஃபேனில் வருடத்துக்கு 197 யூனிட் குறையும். விருந்தாளி வந்தால் மட்டும் சுழலும் அறையில் மாற்றிப் பயனில்லை. மாற்றும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு சேர்த்து ஓட்டினால் உள்ளிருக்கும் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும்.

கீசரை நாள் முழுக்க ஆன் செய்தே வைத்தால் செலவு குறையும் என்கிறார்களே?

குறையாது. சூடான தொட்டி சுவர் வழியாகச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். அணைத்து வைத்தால் அந்த இழப்பு குறையும். 15 லிட்டர் தொட்டியை 2,000 வாட் காயில் 25 டிகிரி ஏற்ற 13 நிமிடம் போதும். குளிப்பதற்குக் கால் மணி முன் போடுங்கள். இன்னொன்று: காயிலில் உப்புப் படிந்தால் கரண்ட் அதிகம் ஆகும் என்று பயமுறுத்துவார்கள். தண்ணீருக்குள் மூழ்கிய காயிலின் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும், செலவு பெரிதாக மாறாது. கெடுவது காயிலின் ஆயுள். உப்பு மூடியதால் உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறி ஒருநாள் வெடித்துவிடும்.

சமையலறைக் கழிவை உரமாக்க 25 லிட்டர் வாளியில் போட்டோம். மூன்றாம் வாரம் நாற்றம், புழு. எங்கே தப்பு?

என்ன நாற்றம் என்று நீங்கள் எழுதவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது. அழுகிய, புளித்த வாடை என்றால் காற்று போகவில்லை. மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்த பொருள் குறைவு. இரண்டுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றே: காய்ந்த இலை, கிழித்த அட்டை, தேங்காய் நார்த்தூள், மரத்தூள். ஒரு கைப்பிடி ஈரக் கழிவுக்கு இரண்டு கைப்பிடி காய்ந்தது என்று கணக்கு வையுங்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கும், அதைத் தவிருங்கள். கடை ரசீதுத் தாளும் வேண்டாம்.

இப்போது இருக்கும் வாளியைக் காப்பாற்றலாம். எல்லாவற்றையும் ஒரு பழைய ஷீட்டில் கொட்டி, கட்டியை உடைத்து, ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் காய்ந்ததைச் சேர்த்துக்கொண்டே மறுபடி பிழிந்து பாருங்கள். வாளியின் அடியிலும் பக்கத்திலும் ஒரு செ.மீ. அளவில் இருபது முப்பது ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் நாலு விரல் காய்ந்த இலை, மேலே கலவை, அதற்கும் மேல் மறுபடி காய்ந்த மூடாக்கு. வாரம் இரண்டு முறை கிளறுங்கள். எறும்பு வந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது என்று பொருள், தண்ணீர் தெளியுங்கள். ஓட்டையில் வடியும் சாற்றை உரம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். காற்றில்லாமல் அழுகிய சாறு வேரைக் கெடுக்கும்.

புழு? தடித்து, வரிவரியாக, பழுப்பு கலந்த வெள்ளையில் ஒன்றிரண்டு செ.மீ. நீளம் இருந்தால் அது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. பார்க்க அருவருப்பு, செய்வது நல்ல வேலை. உங்களை விட வேகமாகக் கழிவைத் தீர்க்கும். வளர்ந்த ஈ சாப்பாட்டில் வந்து மொய்க்காது. மெல்லிய சின்ன வெள்ளைப் புழு என்றால் வீட்டு ஈயாக இருக்கலாம். புதுக் கழிவை மேலே போடாமல் குழிதோண்டி உள்ளே புதைத்து மூடினால் நிற்கும். இறைச்சி, எண்ணெய், பால் சங்கதிகள் சின்ன வாளிக்கு ஒத்துவராது.

இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனதா என்று பார்க்க, ஈரமான ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் மூடி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண் வாசனை வந்தால் உரம். நாறினால் இன்னும் பச்சை.

பிளாஸ்டிக்கில் அம்பு முக்கோணம் இருந்தால் அது மறுசுழற்சி ஆகும்தானே?

அப்படி இல்லை. உள்ளே உள்ள எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு அது. இந்தக் குழப்பம் வருகிறது என்றுதான் 2013இல் அதன் தர விதியில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். 1 (பெட்), 2 (கனமான பாலித்தீன்), 5 (பாலிப்ரொப்பிலீன்) ஆகியவற்றுக்கே பொதுவாக வாங்க ஆள் கிடைக்கும். பல அடுக்கு ஒட்டிய பளபளப் பொட்டலங்களைப் பிரிக்க வழி குறைவு, வாங்காமல் விடுவதே மேல். எந்த எண்ணாக இருந்தாலும் சாப்பாடு ஒட்டியிருந்தால் மற்றதையும் கெடுக்கும். ஒரு அலசு போதும், பளிச்சென்று தேய்க்கத் தேவையில்லை.

எங்கள் குடியிருப்பின் பொதுத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது. வீட்டுக்கு வீடு குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

சண்டைக்கு முன் ஓர் அளவுகோல். இரவு ஒரு மணிக்குத் தொட்டியில் மட்டத்தைக் குறியுங்கள், நாலு மணிக்கு மறுபடி. உள்ளே வரும் குழாய் மூடியிருக்க வேண்டும். தொட்டி 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒவ்வொரு செ.மீ. இறக்கமும் 60 லிட்டர். தூங்கும் நேரத்தில் மூன்று நான்கு செ.மீ. இறங்கினால் அது புழக்கமல்ல, கசிவு. அடுத்த இரவு வெளியேறும் வால்வையும் மூடிவிட்டு அதே அளவை எடுங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியே கசிகிறது. இறங்காவிட்டால் கோளாறு குழாயிலோ யாரோ ஒருவர் வீட்டு ஃப்ளஷ் டேங்கிலோ. வீடுவீடாகப் போகும்போது கையில் ஒரு பென்சிலையும் எடுத்துப்போங்கள்.