நாற்றம், புகை, கடல்: எந்தக் கவுன்சிலைக் கூப்பிடுவது?

கேள்வி: நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரின் நியூ பிரைட்டன் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். சில இரவுகளில் கழிவுநீர் வாடை அடிக்கிறது. குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு விறகடுப்புப் புகை வேறு. பிள்ளைகள் கடலிலும் கழிமுகத்திலும் இறங்குகிறார்கள். நகரக் கவுன்சில், மண்டலக் கவுன்சில் என்று இரண்டு இருக்கின்றனவே, எதற்கு யாரிடம் போவது?

பதில்: கழிவுநீர்க் குழாய், பம்ப், புரோம்லி சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் நகரக் கவுன்சிலின் சொத்து, நடத்துவதும் அவர்களே. அங்கிருந்து காற்றிலும் கடலிலும் எதை, எவ்வளவு விடலாம் என்று அனுமதி கொடுப்பதும், நிபந்தனை மீறப்படுகிறதா என்று கண்காணிப்பதும் மண்டலக் கவுன்சில், அதாவது என்விரான்மென்ட் கேன்டர்பரி. 1991-ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டத்தில் வந்த பிரிவினை இது. தெருவில் மேன்ஹோல் பொங்கினால் நகரக் கவுன்சில். காற்றில் நாற்றமோ புகையோ வந்தால் மண்டலக் கவுன்சில்.

நாற்றத்தை அளக்க எளிய மீட்டர் கிடையாது. எத்தனை முறை வருகிறது, எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட வாடை, எந்த இடத்தில் என்ற ஐந்தையும் வைத்துத்தான் அதிகாரிகள் முடிவு செய்வார்கள். அதனால் "அடிக்கடி நாறுகிறது" என்று எழுதினால் போதாது. "இரவு 9.40 முதல் 10.30 வரை, தென்மேற்குக் காற்று, அழுகிய முட்டை வாடை, ஜன்னலை மூடியும் உள்ளே வந்தது" என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாடை இருக்கும்போதே போன் செய்யுங்கள். மறுநாள் அதிகாரி வந்து மோந்து பார்க்க எதுவும் இருக்காது.

காற்றின் திசை ரொம்ப முக்கியம். புரோம்லி உங்களுக்கு மேற்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கிறது. கிழக்கிலிருந்து கடல் காற்று வீசும்போதும் நாறினால், அது அந்த நிலையத்திலிருந்து வருவதல்ல. முதலில் உங்கள் வீட்டுச் சாக்கடையைப் பாருங்கள். கழிமுகச் சேற்றில் கடல்பாசி அழுகினாலும் இதே வாடைதான். ஆனால் புரோம்லியைச் சந்தேகிக்கும் அக்கம்பக்கத்தாரைக் குறை சொல்ல மாட்டேன். 2021 நவம்பர் 1 அன்று அங்கே தீப்பிடித்து, நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் இரண்டு பெரிய வடிகட்டிகள் நாசமாயின. சுமை பின்னாலிருந்த குளங்களில் விழ, அவற்றில் ஆக்சிஜன் போதவில்லை. 2022-ல் கிழக்குப் பகுதி மக்கள் அந்த நாற்றத்தில்தான் தூங்கி எழுந்தார்கள்.

புகைக்குப் பெரும்பாலும் ஈர விறகுதான் காரணம். பக்கத்து வீட்டாரிடம் முதலில் நல்லபடியாகப் பேசிப் பாருங்கள். அடங்காவிட்டால் மண்டலக் கவுன்சில். காற்றில் நுண்துகள் ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது தேசிய வரம்பு. காற்றசையாத குளிர் இரவுகளில்தான் அந்த வரம்பு மீறப்படும் ஆபத்து அதிகம்.

சரி, பிள்ளைகள் விஷயம். கோடையில் நீச்சல் இடங்களில் வாரந்தோறும் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். கடல் நீரில் எண்டரோகாக்கை என்ற, மலத்திலிருந்து வரும் பாக்டீரியாவை எண்ணுவார்கள். 100 மில்லியில் 140-ஐத் தாண்டினால் உஷார். அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளில் 280-ஐத் தாண்டினால் எச்சரிக்கைப் பலகை. நாடு முழுவதுக்குமான நீர், காற்றுத் தர விவரங்களைத் தரும் 'லாவா' (LAWA) இணையதளத்தில் இந்த முடிவுகள் வரும். ஆனால் ஆய்வகத்தில் கிருமி வளர ஒரு நாள் ஆகும். நீங்கள் பார்க்கும் எண் நேற்றைய தண்ணீருடையது, சில சமயம் போன வாரத்துடையது. எனவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பாருங்கள். பலத்த மழை பெய்தால் தெருக்கழிவு முழுவதும் ஏவன், ஹீத்கோட் ஆறுகள் வழியாகக் கழிமுகத்துக்கு வந்து சேரும். அப்புறம் இரண்டு நாள் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

2010 முதல் சுத்திகரித்த நீர் கழிமுகத்தில் விழுவதில்லை. குழாய் வழியாகக் கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் போகிறது. கழிமுகம் அதனால் நிறையத் தேறியிருக்கிறது. ஆனாலும் அங்கே பொறுக்கும் மட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் பிராணி; தண்ணீரில் உள்ள வைரஸ் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஓடு திறக்கும்வரை வேகவைப்பது அந்த வைரஸைக் கொல்லப் போதாது.