அதிகாலை 3 மணிக்கு சென்சாரில் 58, விரலில் 104: எதை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. காலையும் இரவும் கலவை இன்சுலின் போடுகிறார். நான்கு நாளாகக் கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருக்கிறோம். இரண்டு ராத்திரி மூன்று மணி வாக்கில் போனில் அலாரம் அடித்து 58 என்று காட்டியது. பதறிப்போய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தால் 104. சென்சார் கோளாறா? ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிவிடலாமா?

பதில்: அந்த 104-ஐ வைத்து சென்சார் தப்பு என்று முடிவுகட்ட முடியாது. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகு எடுத்த ரத்தம் அது. பத்து நிமிடம் ஆகியிருந்தாலே அளவு ஏறத் தொடங்கியிருக்கும். டம்ளரைப் பிடித்த விரலைக் கழுவாமல் குத்தியிருந்தால் இன்னும் மோசம். விரல் நுனியில் ஒட்டிய துளி சர்க்கரையே மீட்டரை எகிற வைத்துவிடும். அதனால் உங்கள் வீட்டில் நடந்தது இரண்டில் எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, உண்மையிலேயே லோ சுகர். கலவை இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். இரவு 8 மணிக்குப் போட்டால் நள்ளிரவும் அதிகாலையும்தான் அதன் உச்ச நேரம். அன்று இரவு அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டிருந்தால் 3 மணிக்கு 58 வருவதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று, சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்திருப்பது. சென்சாரின் மெல்லிய இழை ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தில்தான் அது அளக்கிறது. உடல் பாரம் அந்த இடத்தை அழுத்தினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெரிந்து புது குளுக்கோஸ் வரத்து குறைகிறது. அங்கே இருப்பதைச் செல்கள் செலவழித்துக்கொண்டே இருப்பதால், அந்தச் சிறு இடத்தில் மட்டும் அளவு விழும். ரத்தத்தில் அப்படி எதுவும் நடந்திருக்காது.

போனில் அந்த இரவின் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். 120-ல் சமமாக ஓடிக்கொண்டிருந்த கோடு கால் மணி நேரத்துக்குள் கிணற்றில் கல் போட்ட மாதிரி இறங்கி, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் பழைய இடத்துக்கு ஏறியிருந்தால் அழுத்தம்தான் காரணம். 11 மணிக்கு 130, 1 மணிக்கு 95, 3 மணிக்கு 60 என்று சரிந்து வந்திருந்தால் இன்சுலின்தான் காரணம். நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டதால் ஏறிய பக்கத்தை நம்பாதீர்கள். இறங்கிய பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்த முறை அலாரம் அடித்தால் வரிசையை மாற்றுங்கள். அப்பாவை எழுப்பி உட்கார வையுங்கள். விரலைச் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குத்துங்கள். ஒரு நிமிட வேலை. 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில்தான் பார்க்க வேண்டும். சென்சார் ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே வரும். அது இன்னும் 60 என்று காட்டுவதைப் பார்த்து மேலும் மேலும் கொடுத்தால் விடியும்போது 280-ல் நிற்கும். வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மட்டும் மீட்டரைத் தேடாமல் முதலில் சர்க்கரை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

சென்சாரே சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. போனில் அளவுக்குப் பக்கத்தில், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறி இருக்கும். சாப்பாட்டுக்கு முன், அது படுக்கையாக இருக்கும்போது சென்சார், விரல் மீட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். அம்பு செங்குத்தாக இருந்தால் சர்க்கரை நிமிடத்துக்கு 2 புள்ளிக்கு மேல் மாறிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். மீட்டர் 100-க்குக் கீழே காட்டினால் 20 புள்ளி, அதற்கு மேலே 20 சதவீதம் வரை வித்தியாசத்தை விட்டுவிடலாம். விரல் மீட்டரும் ஒன்றும் தராசு முள் இல்லை; 100-க்கு மேல் 15 சதவீதம் தள்ளிக் காட்டினாலும் அதற்கான சர்வதேசத் தரம் ஒப்புக்கொள்கிறது. ஒட்டிய முதல் நாள் கணக்கில் சேராது, இழை குத்திய காயம் ஆற வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து எல்லை தாண்டினால் நிறுவனத்தின் உதவி எண்ணில் சொல்லி மாற்றுச் சென்சார் கேளுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கேட்பார்கள்.

அடுத்த சென்சாரை அவர் எந்தப் பக்கம் படுக்க மாட்டாரோ அந்தக் கையின் பின்புறம், சதைப்பிடிப்பான இடத்தில் ஒட்டுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் அழுத்த வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் ஒட்டினால் இரண்டே நாளில் ஓரம் பெயரும். வியர்வையில் பெயராமல் இருக்க மேலே டேப் போடுவதென்றால், லிப்ரே என்ற பிராண்டு சென்சாரின் நடுவில் இருக்கும் சின்னத் துளையை மூடாதீர்கள். லிப்ரே 2 போட்டிருக்கும்போது நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் அளவு கூடுதலாகத் தெரியும். இது அழுத்தத்தைவிட ஆபத்து. உண்மையான லோ சுகரை மறைத்துவிடும்.

வாட்ச் விஷயம்: வாங்காதீர்கள். பச்சை விளக்கைத் தோலில் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணுவது அதற்கு முடியும். அந்த ஒளியில் குளுக்கோஸைப் பிரித்தறிய முடியாது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டிய சென்சாரின் அளவை வாங்கிக் காட்டும் வாட்ச் வேறு. அது வெறும் திரைதான், தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் முடிந்ததும் செயலியில் வரும் அறிக்கையோடு, இரவு எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் போட்டார், என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 70-க்கும் 180-க்கும் இடையே 70 சதவீத நேரம் என்ற பொது இலக்கு வயதான, லோ சுகர் அபாயம் உள்ளவர்களுக்கு 50 சதவீதமாகத் தளர்த்தப்படுகிறது. அவர்களுக்கு 70-க்குக் கீழே 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்கூட இல்லை அது. இறங்குகோடு சரிவாகத்தான் இருந்தது என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்றே போன் செய்து இரவு யூனிட்டைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.