கருங்கல் ஓடையில் கயாக்: கேட்டதும் சொன்னதும்

சென்ற மாதம் நண்பர்கள் ஐந்து பேர் மலேசியாவின் தித்திவாங்சா மலைத்தொடரில் ஒரு செங்குத்தான கருங்கல் ஓடையில் கயாக் ஓட்டிவிட்டு வந்தோம். நான்கைந்து படங்களைக் காட்டியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். ஓடையின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்தால் யாராவது தனியாகக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு.

ஈசூன் தம்பி: அண்ணே, மற்ற ஆறுகளுக்கும் கருங்கல் ஓடைக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி தம்பி. நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றும் பூலாவ் உபின் தீவும் கருங்கல்தான். ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபின் கல் போயிருக்கிறது. அடுத்த முறை உபின் போனால் பழைய கல்குவாரியின் சுவரை உற்றுப் பார். பாறையில் நேர்நேராக வெடிப்புகள் ஓடும். மலையில் ஓடும் தண்ணீர் அந்த வெடிப்புகளில்தான் வேலை செய்கிறது. பாளம் பாளமாகப் பெயர்த்து, உருட்டி, வீடு அளவு உருண்டைகளாக ஓடைக்குள் குவித்துவிடும். வெடிப்பு குறைந்த இடத்தில் அதே கல் வழவழவென்று சறுக்குப் பலகைபோல ஆகிவிடுகிறது. அங்கே ஓட்டும் சுகத்தைச் சொல்லி முடியாது. கயாக்கின் அடி கல்லைத் தொடும் சத்தம்கூடக் கேட்காமல் பத்து மீட்டர் வழுக்கிக்கொண்டு போய்க் குளத்தில் விழுவோம்.

ஆபத்து அந்த உருண்டைகள் குவிந்த இடத்தில். தண்ணீர் அவற்றின் இடுக்குகள் வழியே புகுந்து அடியில் போய்விடும், மனித உடல் போகாது. நாங்கள் அதைச் சல்லடை என்போம். மேலிருந்து பார்த்தால் நுரைகூட இருக்காது, அமைதியாகத் தெரியும். அருவியைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது இந்த அமைதிக்குத்தான். அதனால்தான் சொல்கிறேன், இன்னும் பலமுறை சொல்வேன்: அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத வளைவில் கயாக்கோடு நுழையாதே. கரையேறி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு இறங்கு.

நாங்கள் போன பகுதி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 40 மீட்டர் இறங்குகிறது. 163 மீட்டர் உயரமான புக்கிட் தீமா உச்சியிலிருந்து நாலே கிலோமீட்டரில் கடல் மட்டத்துக்கு வருவதாக நினைத்துக்கொள்.

செங்காங்கிலிருந்து: நீச்சல் நன்றாகத் தெரியும். போதுமா?

போதாது. ஓடும் தண்ணீரில் நீந்துவது வேறு வித்தை. மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நின்றால் கால் கல்லிடுக்கில் மாட்டும், ஓட்டம் முதுகைத் தள்ளிக் குப்புறக் கவிழ்த்துவிடும். குறுக்கே விழுந்த மரம் எதிரே வந்தால் மட்டும் முறையை மாற்றுங்கள்: குப்புறத் திரும்பி, தலை முன்னே போக வேகமாக நீந்தி மரத்தின் மேல் ஏற வேண்டும்.

தெம்பனிஸிலிருந்து: மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கயாக்கைக் கொண்டுபோகலாமா?

கூடாது. அது தேங்கிய நீருக்கு.

புக்கிட் பாத்தோக் தங்கை: அண்ணா, உங்கள் பயணத்தில் யாருக்காவது ஆபத்து வந்ததா?

வந்தது. மூன்றாவது இறக்கத்துக்குக் கீழே ஒரு நண்பனின் கயாக் பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் ஒட்டிக்கொண்டது. அந்த நொடியில் உடம்பு தானாகவே பாறையை விட்டு விலகப் பார்க்கும். விலகினால் நீர் வரும் பக்கத்துக் கயாக் விளிம்பு தண்ணீருக்குள் போய், ஆறு அதைப் பாறையோடு மடித்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அவன் கட்டிப்பிடித்தான். கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஹெல்மெட்டின் ஓரத்தில் தண்ணீர் விசிறிபோல விரிந்து தெறித்தது. மேல்கரையில் இருந்தவர் கயிற்றுப் பையை, அதாவது ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு எறியும் மீட்புக் கயிறு அடைத்த பையை, எறிந்தார். முதல் எறி தவறிவிட்டது. இரண்டாவது அவன் தோள்மேல் விழுந்தது. முன்பக்கப் பிடியில் கொக்கியை மாட்டினான், மூவரும் இழுத்தோம், கயாக் கழன்று வந்தது. அதன் பிறகு அரைமணி நேரம் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. மைலோ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொங்கோலிலிருந்து: எனக்கு நீச்சல் தெரியும், நான் வரலாமா?

மேலே செங்காங்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

காலாங்கிலிருந்து: பெருமழை பெய்தால் நம் கால்வாயும் காட்டாறுபோல ஓடுகிறதே. அதில் பழகலாமா?

வேண்டவே வேண்டாம்! காட்டாற்றில் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் தண்ணீர் திரும்பிச் சுழலும் ஓர் ஒதுக்கிடம் உண்டு, எடி என்போம். அங்கே நின்று மூச்சு வாங்கலாம். கால்வாயில் இருபுறமும் செங்குத்தான சிமெண்டுச் சுவர். ஒதுங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. கரையோரம் எச்சரிக்கைப் பலகைகளைக் காரணமில்லாமல் வைக்கவில்லை.

ஜூரோங் ஐயா: நான் இருபது ஆண்டு ராஃப்டிங், காற்றடைத்த பெரிய படகில் ஆற்றுப் பயணம், போனவன். தண்ணீர் குறைவாக இருக்கும்போது போனால் ஆபத்தே இல்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அகலமான ஆற்றில் சரியாக இருப்பது இங்கே சரியாக இருக்காது. தண்ணீர் குறைந்தால் கருங்கல் ஓடையின் சல்லடைகள் வாய் திறக்கின்றன. நிறைந்த நேரத்தில் பாறைக்கு மேலே ஓடும் நீர், வற்றினால் இடுக்குக்குள்ளே ஓடுகிறது.

ஜூரோங் ஐயா: அப்படியென்றால் வெள்ளத்தில் போகச் சொல்கிறீர்களா?

இல்லை ஐயா. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வினாடிக்கு 10 கன மீட்டர் ஓடினால் ஒவ்வொரு வினாடியும் 10 டன் கடக்கிறது. அதில் எடிகள் மறைந்துவிடும், இறக்கத்துக்குக் கீழே நீர் பின்னோக்கிச் சுழன்று ஆளையும் கயாக்கையும் பிடித்துவைத்துக்கொள்ளும். குறைவும் ஆபத்து, மிகுதியும் ஆபத்து, இரண்டும் வேறு வேறு விதத்தில். ஒரே நீர்மட்டத்தில்கூட மேலே உள்ள இறக்கம் எளிதாகவும் கீழே உள்ளது கொலைக்களமாகவும் இருக்கலாம்.

தோ பாயோவிலிருந்து: ஐயா சொல்வதுதான் சரி. சிலாங்கூர் ஆற்றில் கோலகுபு பாரு அருகே நாங்கள் குறைந்த நீரில்தான் பழகினோம். ஒன்றும் ஆகவில்லை.

அந்த இடத்தில் பழகியது நல்லதே. நானும் அங்கேதான் கற்றேன். ஆனால் அதற்கு மேலே அணை இருக்கிறது, நீர்மட்டம் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. நாங்கள் போன ஓடைக்கு அணை இல்லை. மலையில் மழை பெய்தால் வெயில் அடிக்கும் இடத்தில் நிற்பவர்மேலும் வெள்ளம் வரும். இந்தத் திடீர் வெள்ளத்தை மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயிர் என்பார்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், மேலிருந்து உறுமல் கேட்கும். அப்போது பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். நாங்கள் அன்று காலை ஏழரைக்கு இறங்கி ஒரு மணிக்குள் ஏறிவிட்டோம். பிற்பகல் இடிமழையை நம்பக் கூடாது.

ஜூரோங் ஐயா: சரி, சல்லடை விஷயம் எனக்குப் புதிது. ராஃப்டில் அதை நான் கவனித்ததில்லை.

நன்றி ஐயா. ராஃப்ட் போகும் அகலத்தில் அது அதிகம் எதிர்ப்படாது.

பிடோக் அக்கா: தேசிய சேவை முடித்த மகன் நண்பர்களோடு இப்படிப் போகிறேன் என்கிறான். விடலாமா தம்பி?

அக்கா, அவனிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கவிழ்ந்தால் கயாக்கை விட்டு வெளியேறாமல் நிமிர்த்தத் தெரியுமா? குழுவில் எத்தனை பேரிடம் கயிற்றுப் பை இருக்கிறது? யார் அதை எறிந்து பழகியவர்? பயந்தால் கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியே நடக்க அவர்கள் விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு அவன் தயங்கினால் அனுப்பாதீர்கள். எங்கள் ஐவரில் இருவர் பெரிய இறக்கத்தில் நடந்தார்கள், அதில் ஒருவன் நான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: நான் நன்றாக நீந்துவேன்...

மூன்றாவது முறையாக இதே கேள்வி. நீச்சல் போதாது. தயவுசெய்து மேலே படியுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: வந்த பிறகு காய்ச்சல் வந்தால்?

உடனே மருத்துவரிடம் போங்கள். ஆற்றில் இறங்கியதை நீங்களாகவே சொல்லுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். சொல்லாவிட்டால் டெங்கி என்றே முதலில் நினைப்பார்கள்.

சுவா சூ காங் தம்பி: எங்கிருந்து தொடங்குவது அண்ணே?

முதலில் இங்கேயே கயாக் ஓட்டக் கற்றுத்தரும் நட்சத்திரச் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேர். அது ஓட்டமில்லாத நீருக்கானதுதான், ஆனால் துடுப்புப் பிடிக்கக் கை பழகும். பிறகு நீச்சல் குளத்தில் கயாக்கை நிமிர்த்தப் பழகு, கண்ணை மூடிக்கொண்டும் வரும்வரை. கயிற்றுப் பை ஒன்று வாங்கி வீட்டுக்குக் கீழே புல்வெளியில் தினமும் இருபது முறை எறி. பதினைந்து மீட்டரில் ஒரு வாளியை வைத்துக்கொள். பத்துக்கு எட்டு விழும்போது எனக்கு எழுது, கோலகுபு பாருவுக்குச் சேர்ந்து போகலாம்.