சண்டிகர் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு: முதல் தளத்தை மட்டும் விற்க முடியுமா?

கேள்வி: என் தந்தை சண்டிகரில் மத்திய அரசு நிறுவனமொன்றில் பணியாற்றி, அங்கேயே தங்கிவிட்டவர். 1964-இல், 30-க்கு உட்பட்ட செக்டார் ஒன்றில் அரசிடமிருந்து ஒரு கனால் (வடக்கே வழங்கும் நில அளவு) மனை வாங்கி, அந்த நகரை நிர்மாணித்த குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வரைபடம் பெற்று, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டினார். பூசாத செங்கல் சுவர், வெயிலை மறிக்கும் கான்கிரீட் தடுப்புகள், மாடிப்படியோரம் செங்கல் ஜாலி (துளைகள் விட்டுக் கட்டிய தடுப்பு) என்று இன்றும் அப்படியே இருக்கிறது. அப்பா 2019-இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மாவும் பாட்டியும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணன் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். தம்பி அமெரிக்கக் குடிமகன். நான் திருச்சியில் இருக்கிறேன். டெல்லிக்காரர் ஒருவர் என் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் முதல் தளத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, புரிந்துணர்வு ஒப்பந்தமும் முன்பணமும் அனுப்பத் தயாராக இருக்கிறார். அண்ணனோ இது பாரம்பரிய வீடு, விற்கவே முடியாது என்கிறார். வரைபடம் போட்டவரின் மகனும், வீட்டை இடித்தால் வழக்குப் போடுவேன் என்கிறார். அப்பா அலுவலக ஏலத்தில் எடுத்த எட்டு தேக்கு, பிரம்பு நாற்காலிகளுக்கும் விலை கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த முன்பணத்தை வாங்காதீர்கள். மற்றவற்றை ஆற அமரப் பார்க்கலாம். இது ஒன்றுதான் அவசரம். வடக்கே அதை 'பயானா' என்பார்கள். அதை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டால், பிறகு நிறைவேற்ற முடியாத ஒப்பந்தத்துக்காக இரட்டிப்புத் தொகை கேட்டு நோட்டீஸ் வரும். வழக்கு சண்டிகரில் நடக்கும், நீங்கள் திருச்சியிலிருந்து ரயிலேற வேண்டியிருக்கும்.

முதலில் உங்களுக்கு உரியது எது என்பதில் தெளிவு வேண்டும். தந்தை சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி முதல் வகுப்பு வாரிசுகளான நீங்கள் மூவரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பெறுகிறீர்கள். மகள் என்பதால் இதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு வீடு முழுவதிலும், மனை முழுவதிலும் பரவியிருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கும் தரைத்தளத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு, பூட்டிக் கிடக்கும் முதல் தளத்தில் அவருக்கும் பங்கு உண்டு. 'முதல் தளம் என்னுடையது' என்று சொல்ல உங்களிடம் இன்றைக்கு ஒரு பத்திரமும் கிடையாது. இல்லாத ஒன்றைத்தான் டெல்லிக்காரர் விலை பேசுகிறார்.

வேறு ஊராக இருந்தால், மூவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதித் தளவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். சண்டிகரில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1952-ஆம் ஆண்டு பஞ்சாப் தலைநகர் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் வந்த விதிகள், மனையையோ கட்டடத்தையோ துண்டாடுவதைத் தொடக்கத்திலிருந்தே அனுமதிக்கவில்லை. 2001-இல் தளவாரி அடுக்ககங்களுக்கு இடம் கொடுத்து ஒரு விதி வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2007-இல் அது ரத்தாயிற்று. அதன் பிறகு கட்டுமானக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழியைத்தான் உங்களிடமும் இப்போது நீட்டுகிறார்கள்: பழைய வீட்டை வாங்கி, மூன்று தளமாகக் கட்டி, தரைத்தளத்துக்கு 50, அடுத்ததற்கு 30, அதற்கு மேலுள்ளதற்கு 20 விழுக்காடு என்று மூன்று அந்நியர்களுக்குப் 'பங்கு' விற்பது, யார் எந்தத் தளத்தில் இருப்பது என்பதைத் தனியாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது. பத்திரத்தில் பங்கு, நடைமுறையில் அடுக்ககம்.

2023 ஜனவரி 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தக் குறுக்குவழியை நேரடியாகவே எடுத்து ஆராய்ந்தது. நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா ஆகியோர் அடங்கிய அமர்வு, 1 முதல் 30 வரையிலான செக்டார்கள் கொண்ட முதல் கட்ட நகரத்தை, நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்புசியர் வகுத்த வடிவத்தில் காப்பாற்ற வேண்டும் என்று கூறி, சண்டிகர் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு மறுபரிசீலனை செய்து மத்திய அரசு இறுதி முடிவெடுக்கும் வரை, ஒற்றை வீட்டைத் தளவாரி வீடுகளாகப் பிரிக்கும் நோக்கத்தோடு கூட்டுரிமையாளர்கள் செய்துகொள்ளும் எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தமும், உடன்படிக்கையும், சமரசமும் பதிவு செய்யப்படக் கூடாது, சட்டத்தின் முன் செல்லவும் செல்லாது என்று உத்தரவிட்டது. முதல் கட்டப் பகுதியில் மூன்று தளங்களுக்கு மேல் கூடாது, தளப்பரப்பு விகிதத்தை (மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற அளவை) இனி உயர்த்தவும் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அடுத்த மாதமே சண்டிகர் நிர்வாகம், குடும்பத்துக்கு வெளியே பங்கு வாரியாக விற்பதைப் பதிவு செய்யத் தடை போட்டது. ஆகவே, உங்களுக்கு வரவிருக்கும் அந்த ஒப்பந்தம், உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லிச் செல்லாது என்று அறிவித்த அதே ரகம்.

தடையெல்லாம் நாளைக்கே தளர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பேரம் சிக்கலானதுதான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, குடும்பத்தார் வசிக்கும் வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியாளுக்குக் கூட்டாக அனுபோகம் கேட்கும் உரிமை இல்லை. அதோடு, வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு முதல் வகுப்பு வாரிசு தன் பங்கை விற்க முன்வந்தால் மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமையைத் தருகிறது. அண்ணனைக் கேட்காமல் நீங்கள் விற்றால், அவர் நீதிமன்றம் போவதற்கு நீங்களே காரணத்தை எடுத்துக் கொடுத்ததாகும்.

அப்படியானால் பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு வழிகள் இருக்கின்றன. அண்ணன் வாங்கிக்கொள்வது முதல் வழி. குடும்பத்துக்குள் பங்கைக் கிரயமாகவோ விடுதலைப் பத்திரமாகவோ எழுதிக் கொடுக்கத் தடை இல்லை. அவரிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள்; 22-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, விலையைச் சொல்லி, பதிவுத் தபாலில் எழுதுங்கள். விலையில் ஒத்துவராவிட்டால், அதே பிரிவின்படி நீதிமன்றமே விலையை நிர்ணயிக்கும். விண்ணப்பித்துவிட்டு வாங்காமல் பின்வாங்குபவர் செலவுத்தொகையைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

இரண்டாவது வழி, மூவரும் கையெழுத்திட்டு முழு வீட்டையும் ஒரே ஆளுக்கு விற்பது. அண்ணன் மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட கேள்வி என்று நினைக்கிறேன். சண்டிகர் மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்க வேண்டும். அசையாச் சொத்து இருக்கும் இடத்தில்தான் வழக்கு, திருச்சியில் முடியாது. துண்டாட விதி இடம் கொடுக்காத வீடு என்பதால், அளந்து பிரித்துத் தர நீதிமன்றத்தால் இயலாது. இந்த நிலைக்கென்றே 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு இருக்கிறது: பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு உடையவர்கள் கேட்டால், பிரிப்பதற்குப் பதிலாக விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்கள் மூன்றில் ஒன்று மட்டும் போதாது. தம்பியும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு ஆகிவிடும். அப்போது அண்ணனுக்கு 3-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்குகளை வாங்க வாய்ப்பு தரப்படும். அது நியாயமும்கூட, ஏனென்றால் அந்த வீட்டில் அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவராகவே இருக்கலாம். ஆக, நீங்கள் பேச வேண்டிய ஆள் டெல்லிக்காரர் அல்ல, தம்பி. மூன்றில் இரண்டு பங்கு ஒரு பக்கம் நிற்பது தெரிந்தால், வழக்கு மனு தட்டச்சாகும் முன்பே அண்ணன் பேச வந்துவிடுவார் என்பது என் அனுபவம்.

பாரம்பரியம் என்ற வார்த்தையை உங்கள் அண்ணன் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறார். தொல்லியல் நினைவுச்சின்னச் சட்டத்துக்கு நூறு ஆண்டு பழமை வேண்டும். 1960-களின் வீடு அதற்குள் வராது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் உள்ள காபிடல் வளாகம், நகரத்தின் ஒவ்வொரு வீடும் அல்ல. 2031 வரைக்குமான சண்டிகர் மாஸ்டர் பிளான், பாரம்பரியக் கட்டடங்களையும் பகுதிகளையும் தரவாரியாகப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் உங்கள் வீடோ அது அமைந்துள்ள பகுதியோ இருக்கிறதா என்று எஸ்டேட் அலுவலகத்தில் (மனை, வீடுகளின் பதிவுகளை வைத்திருக்கும் சண்டிகர் நிர்வாகத்தின் அலுவலகம்) எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். இருந்தாலும், பட்டியலில் இருப்பது மாற்றிக் கட்டுவதையும் இடிப்பதையும் கட்டுப்படுத்துமே தவிர, உரிமையை விற்பதைத் தடுக்காது.

கட்டடக் கலைஞரின் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கட்டடக் கலையும் பதிப்புரிமைக்கு (காப்பிரைட்) உட்பட்ட படைப்புதான். ஆக்கியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். அதற்காக, இடிக்காதே என்று உரிமையாளரைத் தடுக்க முடியுமா? டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017-இல் இடிக்கப்பட்டபோது, அதை வடிவமைத்த ராஜ் ரேவல் வழக்குத் தொடர்ந்தார். முழுவதுமாக இடிப்பதை எதிர்க்கும் உரிமை படைப்பாளிக்கு இல்லை என்று 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படைத்தவருக்கே இல்லாத உரிமை மகனுக்கு எங்கிருந்து வரும்? ஆனாலும் அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். மூல வரைபடங்களின் பிரதி அவரிடம் இருந்தால், இத்தகைய வீட்டைத் தேடி வாங்குபவர்களிடம் அந்தக் காகிதங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

விற்பனைக்கு முன் ஆவணங்களைச் சரிசெய்ய வேண்டும். 1964-இன் ஒதுக்கீட்டுக் கடிதம், கிரயப் பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம், கட்டி முடித்த வீட்டில் குடிபுக அனுமதிக்கும் சான்று ஆகிய நான்கையும் தேடி எடுங்கள். மனை முழு உரிமையா, குத்தகை உரிமையா என்பது அவற்றில் தெரியும். குத்தகை என்றால், 1996-ஆம் ஆண்டு விதிகளின்படி முழு உரிமையாக மாற்றிக்கொண்டு விற்பது நல்லது. அப்பா பெயரிலிருந்து மூவர் பெயருக்கு எஸ்டேட் அலுவலகப் பதிவை மாற்ற வேண்டும். பிறகு, அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எண்பதுகளில் பின்முற்றத்தில் எழுப்பிய ஓர் அறை, கண்ணாடி போட்டு அடைத்த வராந்தா என்று எதுவாவது வரைபடத்தில் இல்லாமல் இருந்தால் அது விதிமீறல். முற்றினால் மனையையே திரும்ப எடுத்துக்கொள்ள 1952 சட்டத்தின் 8-ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. வாங்குபவரின் வக்கீல் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தம்பி நேரில் வர வேண்டியதில்லை. அங்கே அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். விற்ற லாபத்தின் மீதான வரியில் ஒரு வேறுபாடு உண்டு: இந்தியாவில் வசிக்கும் நீங்களும் அண்ணனும், 2024 ஜூலை 23-க்கு முன் பெற்ற சொத்து என்பதால், பணவீக்க ஈடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 விழுக்காடு அல்லது ஈட்டோடு 20 விழுக்காடு என்பதில் குறைவானதைத் தேர்ந்துகொள்ளலாம். தம்பிக்கு அந்தத் தேர்வு இல்லை. மேலும், அவர் பங்குக்கான தொகையில் வாங்குபவர் பெருந்தொகையைப் பிடித்தம் செய்வார் என்பதால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மூவருக்கும் அடிப்படை விலையாக 2001 ஏப்ரல் 1-ஆம் தேதியின் சந்தை மதிப்பை எடுக்கலாம். அதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவை.

கடைசியாக அந்த நாற்காலிகள். லெ கார்புசியரோடு சண்டிகரை உருவாக்கிய கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே காலத்து அரசு அலுவலக மரச்சாமான்கள் வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போகத் தொடங்கியதும், 2011-இல் உள்துறை அமைச்சகம் அவற்றை அரசு அலுவலகங்கள் ஏலம் விடவோ விற்கவோ கூடாது என்று தடுத்தது. அதற்கு முன் முறையான ஏலத்தில் வாங்கியவை தனிச் சொத்துதான். நூறு ஆண்டு ஆகாததால் தொல்பொருளும் அல்ல. ஆனால் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மரச்சட்டகத்திலோ பின்பக்கத்திலோ அலுவலகத்தின் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். ஏல ரசீது கையில் இருந்தால் அந்த எழுத்து, அசல் என்பதற்கு அத்தாட்சி. ரசீது இல்லாவிட்டால் அரசுச் சொத்து என்று சந்தேகிக்க அதுவே போதும். ஆகவே ரசீது கிடைக்கும் வரை விலை பேசாதீர்கள், எழுத்தைச் சுரண்டி அழிக்கவும் செய்யாதீர்கள். வீட்டைப் போலவே இவையும் மூவருக்கும் பொது என்பதால், எட்டையும் புகைப்படம் எடுத்து, மூவரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.